கெட்லைன்: சி மொழியில் வரி வரியாகப் படிக்க எது சரி?

ஒரு வரியைப் படிக்கும் பழைய கெட்ஸ் (gets) ஃபங்ஷன், படித்ததை வைக்கும் மெமரி இடமான பஃபரின் அளவைக் கேட்பதே இல்லை; வரி நீளமானால் எல்லை தாண்டி எழுதிவிடும். 1988இல் மோரிஸ் வார்ம் என்ற, தானே பரவும் புரோகிராம் இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சர்வர் 512 பைட் பஃபரில் கெட்ஸை வைத்துப் படித்ததுதான். சி மொழியின் 2011 தரநிலையில் கெட்ஸை மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பஃபரின் அளவையும் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸ் (fgets) எல்லை தாண்டாது. ஆனால் 256 பைட் கொடுத்தால் ஒருமுறைக்கு 255தான் படிக்கும். அதைவிட நீளமான வரியின் மிச்சம் அடுத்த அழைப்பில் புது வரிபோல வந்து நிற்கும். கடைசியில் நியூலைன் (வரி முடிவைக் காட்டும் எழுத்து) இருக்கிறதா என்று பார்க்காத புரோகிராம் தவறான தரவைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கிராஷ் ஆவதைவிட இது மோசம்.

யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையில் 2008இல் சேர்ந்த கெட்லைன் (getline) இதைத் தீர்க்கிறது. பஃபரின் முகவரியை வைக்கும் பாயிண்டரை நல் (NULL, அதாவது வெற்று) ஆகவும் அளவை 0 ஆகவும் வைத்து அழைத்தால் போதும். மெமரியை அதுவே எடுத்து, தேவைக்கேற்பப் பெரிதாக்கும். நியூலைனையும் சேர்த்து எத்தனை பைட் என்று திருப்பித் தருவதால் நீளத்தை எண்ணும் ஸ்டிரிலென் (strlen) வேண்டாம், நடுவில் மதிப்பு 0 உள்ள நல் பைட் வந்தாலும் நீளம் பிசகாது. அதே பஃபர் ஒவ்வொரு சுற்றிலும் பயன்படுவதால் வேகமும் நன்றாகவே இருக்கிறது.

சறுக்குவதும் இந்தப் பஃபரில்தான். வரிகளைச் சேமிக்க அந்தப் பாயிண்டரையே அரேயில் போட்டால் முந்தைய வரிகள் அழிந்துபோகும். ஸ்டிரிடப் (strdup) போட்டு ஒவ்வொரு வரியையும் தனியாக நகலெடுங்கள். பஃபரின் மெமரியை ஃப்ரீ (free) செய்து விடுவிப்பது லூப் முடிந்தபின் ஒரே முறை; முதல் அழைப்பே தோற்றாலும் அதை விடக்கூடாது. திரும்பி வரும் எண்ணை, மைனஸ் மதிப்பே ஏற்காத குறியில்லாத (unsigned) வகையில் வாங்கி, பூஜ்யத்துக்குக் குறையாதவரை ஓடு என்று எழுதினால் லூப் நிற்கவே நிற்காது: -1 அங்கே மாபெரும் எண்ணாகிவிடும். -1 வந்தால் ஃபைல் முடிந்ததா, பிழையா என்று எஃப்எரர் (ferror) ஃபங்ஷனை வைத்துப் பாருங்கள். கடைசி வரியில் நியூலைன் இல்லாமலும் போகலாம், இருந்தால் மட்டும் வெட்டுங்கள். விண்டோஸில் உருவான ஃபைலென்றால் நியூலைனுக்கு முன்னால் கேரேஜ் ரிட்டர்ன் (\r) என்ற இன்னொரு எழுத்தும் இருக்கும்.

பெரிய குறை, உச்சவரம்பு இல்லாதது. நெட்வொர்க்கில் எதிர்முனை நியூலைனே அனுப்பாமல் பைட்டுகளைக் கொட்டினால் கெட்லைன் மெமரியைத் தின்றுகொண்டே போகும். அங்கே 8192 பைட் போல ஒரு வரம்பு வைத்து எஃப்கெட்ஸில் படித்து, அதற்குள் நியூலைன் வராவிட்டால் இணைப்பைத் துண்டிப்பதே சரி. மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரியில் கெட்லைன் கிடையாது. லினக்ஸில் உங்கள் சொந்த ஃபைல்களைப் படிக்க வேறெதையும் தேட வேண்டாம்.