இழுத்துச் செல்லும் வீடா, ஓட்டிச் செல்லும் வீடா?

கடலூரிலிருந்து காஷ்மீர் வரை குடும்பத்தோடு சாலை வழியே போய்வருவது என்று 2022-இல் தீர்மானித்தபோது, எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு ஒன்று. டெம்போ டிராவலர் போன்ற வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் பொருத்திய கேரவன் வண்டி மற்றொன்று. பல மாத யோசனைக்குப் பிறகு நாங்கள் டிரெய்லரை வாங்கினோம். 2024 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதை ஸ்கார்பியோவில் மாட்டி, 38 நாட்களில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் பயணம் செய்து திரும்பினோம். கேரவன் வேனை நான் ஆறு நாட்கள் மட்டும், பெங்களூரில் வாடகைக்கு எடுத்து, குடகு, வயநாடு பக்கம் ஓட்டியிருக்கிறேன். ஆகவே டிரெய்லரைப் பற்றி நான் சொல்வது பட்டறிந்தது. வேனைப் பற்றிச் சொல்வதில் ஒரு பகுதி, அதை வைத்திருக்கும் நண்பர்கள் இருவரிடம் கேட்டறிந்தது.

லாட்ஜில் தங்கிக்கொண்டே காரில் போவது எல்லாவற்றையும் விடச் செலவு குறைந்த வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபத்தெட்டு வயது அம்மாவும் ஏழு வயது மகளும் உடன் வரும்போது, ஒவ்வொரு மாலையும் சுத்தமான அறையைத் தேடி அலைவதும், ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டுவதும் பயணத்தின் பாதியைத் தின்றுவிடும். காரின் கூரை மேல் விரிக்கும் டெண்டும் இருக்கிறது. ஏணி ஏற முடியாத முழங்கால் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

வேனின் நன்மைகள் வெளிப்படையானவை. அது ஒரே வண்டி. பின்னால் எடுப்பது எளிது, நெரிசலான ஊருக்குள் புகுந்து வருவது எளிது, மழையில் நனையாமல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து படுக்கைக்குப் போய்விடலாம். ஓடும் டிரெய்லருக்குள் ஒருவரும் உட்காரக் கூடாது என்பதால் எங்கள் பயணம் முழுவதும் அம்மா காரின் பின் இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தார். வேனாக இருந்திருந்தால் அவர் காலை நீட்டி அமர்ந்திருக்கலாம், அவசரத்துக்குக் கழிவறைக்காக வண்டியை ஓரம் கட்டியதும் எழுந்து போயிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் வேனுக்கு ஈடாக டிரெய்லரில் ஒன்றுமில்லை.

டிரெய்லரைக் கண்டு பலர் அஞ்சுவது ரிவர்ஸ் எடுப்பதை நினைத்துத்தான். அந்த அச்சம் நியாயமானது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பகுதி இடப்பக்கம் போகும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் ஓட்டுநர் ஒருவர். அரைவைப் பருவத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு மலையைச் சுமந்துபோகும் டிரெய்லர்களை அன்றாடம் பார்க்கிறோம். அவற்றை ஆலை வாசலில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளி நிறுத்துகிற கை அவருடையது. "ஸ்டேரிங்க மேல புடிக்காதீங்க சார், அடியில புடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கைய அந்தப் பக்கமே கொண்டு போங்க" என்றார். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் திசையிலேயே டிரெய்லரும் போகிறது. சில்வர் பீச் மைதானத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் அதிகாலையைச் செலவிட்ட பிறகு அந்தக் கவலை என்னை விட்டுப் போய்விட்டது.

ரிவர்ஸை விடப் பெரிய ஆபத்து எடைப் பங்கீட்டில் இருக்கிறது. அதைப் பற்றி வாங்குவோர் போதிய அளவு கேட்பதில்லை. சாமான்களோடு எங்கள் டிரெய்லர் 780 கிலோ. அந்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 78 கிலோவாவது, காரின் கொக்கியில் உள்ள உருண்டையின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லரின் வால் ஊசல் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். முதல் நாள் நான் பின்கோடியில் இருந்த 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரம்ப நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருவண்ணாமலையைத் தாண்டி, செங்கம் நோக்கிச் செல்லும் ஓர் இறக்கத்தில், பேருந்து ஒன்று எங்களை உரசினாற்போல் முந்திச் சென்றது. அந்தக் காற்றுத் தள்ளலில் டிரெய்லர் ஆட ஆரம்பித்து, காரின் பின்பகுதியையும் சேர்த்து ஆட்டியது. அப்போது பிரேக்கை அழுத்துவதும் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்புவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறையக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. செங்கத்தில் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் முன்பக்கம் மாற்றினோம். அதன் பிறகு வாரம் ஒருமுறை, வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசைக் கொக்கி முனைக்குக் கீழே வைத்து அழுத்தத்தைச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டவும் இல்லை. வேனில் இந்தச் சிக்கலே கிடையாது.

கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துவிட்டால் ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி வழியாக ஜம்மு வரை ஒரே சாலைதான். பெரும்பகுதி நான்கு வழிச்சாலை. டிரெய்லருக்கு இதைவிட நல்ல பாதை நாட்டில் கிடைப்பது அரிது. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் வனப்பகுதியில், விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மகள் வழி முழுக்கப் புலியைத் தேடிக்கொண்டு வந்தாள். இரவுகளில் தாபாக்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் உரிமையாளரிடம் கேட்டு அனுமதி பெற்று நிறுத்தினோம். இதில் இரண்டு வண்டிகளுக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. டீசலில் உண்டு: ஸ்கார்பியோ தனியாக லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுப்பது, டிரெய்லரோடு ஒன்பதரையாகக் குறைந்தது. வாடகை வேனிலும் எனக்கு ஏறக்குறைய அதே அளவுதான் கிடைத்தது.

வழியில் பழுது என்று வந்தது ஒன்றுதான். தேநீருக்கு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் சக்கரங்களின் நடுமூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வருகையில், அடிலாபாத்தை நெருங்கும்போது, வலப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. இடப்பக்கம் கையை வைக்க முடியாமல் சுட்டது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த கிரீஸ் காய்ச்சிய வெல்லப்பாகு போலக் கறுத்து இறுகியிருந்தது. கிளம்புவதற்கு முன் கிரீஸ் வைத்துக் கொடுத்த பட்டறையில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருந்தார்கள். சக்கரம் சுழலத் தாங்கும் இந்த டேப்பர் பேரிங்குக்குச் சற்றே தளர்வு வேண்டும். இல்லையென்றால் சூடேறி அழியும். சாலையோரத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் பேரிங்கில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார், 30206 என்றார், அலமாரியிலிருந்து புதியதை எடுத்துப் போட்டார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் அம்மா டிரெய்லருக்குள் படுத்திருந்தார். வேனின் இஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ கோளாறு வந்தால், வண்டி பணிமனைக்குள் போகும்போது வீடும் சேர்ந்தே போய்விடும். அதை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாரங்கல்லில் மூன்று நாட்கள் அப்படி லாட்ஜில் இருந்திருக்கிறார்.

ஜம்முவில் தம்பியின் நண்பர் வீட்டு முற்றத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, காரில் மட்டும் மலையேறினோம். 2017-இல் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளமான செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதையையும், அதற்குப் பிறகு வந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதையையும் கடந்து ஸ்ரீநகர் போய், நான்கு நாட்கள் தங்கித் திரும்பினோம். வேன் வைத்திருப்போர் தங்கள் வீட்டையே மலைமேல் கொண்டுபோகலாம். ஆனால் கடைத்தெருவுக்கும் ஏரிக்கரைக்கும் போவதற்கும் அந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். டிரெய்லரோடு மலைப்பாதையில் ஏறிய அனுபவம் எனக்கு இல்லை.

இதுவரை சொன்னவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமம் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமில்லை. ஆண்டில் 38 நாட்கள் ஓடுகிற வண்டி மீதி 327 நாட்கள் எங்கே நிற்கிறது, அப்படி நிற்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதுதான்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இங்கே ஜன்னல் கம்பி ஐந்தாண்டு தாங்குவதில்லை. உப்புக் காற்று முதலில் வெல்டிங் இணைப்புகளைப் பிடிக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் போல உப்பி, விரலால் தட்டினால் ஏடு ஏடாக உதிர்கிறது. அலுமினியத் தகட்டை இரும்புத் திருகால் முடுக்கியிருந்தால், திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவு போலப் பொரிந்துபோகும். அந்தத் துளை வழியே ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கி, சுவருக்குள் இருக்கும் பிளைவுட்டை வெளியே தெரியாமல் அழுகவைக்கும். அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம் என்றால், எங்கள் தெருவின் போர் தண்ணீரே உப்பு கரிக்கிறது. இவையெல்லாம் வேனுக்கும் டிரெய்லருக்கும் பொது. ஆனால் வேனுக்கு இவற்றோடு இஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், மின்வயர்க் கட்டு, பிரேக் குழாய் எனத் துருப்பிடிக்க இன்னும் நூறு இடங்கள் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டியாக இருந்தால், அதன் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலை வேகத்தில் நீண்டநேரம் ஓடவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பக்கத்திலுள்ள செம்மண்டலம் வரை போய்வந்தால் அது நடக்காது. ஓடாமல் நிற்பதே டீசல் வேனுக்கு ஒரு நோய்.

டிரெய்லரில் இஞ்சின் இல்லை. இரண்டு சக்கரம், ஓர் ஆக்சில், பேரிங், பிரேக் கட்டை, விளக்கு வயர், இவ்வளவுதான். பயணம் முடிந்ததும் அதை வடலூரில் மைத்துனர் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போய்விடுகிறேன். கடலிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீர் உள்ள ஊர். அங்கே அடிப்பாகத்தைக் கழுவி, வெல்டிங் இணைப்புகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிக் கட்டைமேல் நிறுத்துவேன். டயரில் பாரம் இருக்காது. பிரேக் கட்டை டிரம்மில் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஆண்டுக்கு ஒருமுறை பேரிங் கிரீஸ். கூரை இணைப்பிலும் ஜன்னல் ஓரத்திலும் இடுக்கை அடைக்கும் பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது. இரண்டு நாள் வேலை. 2024-இல் இதற்காக எனக்குச் செலவானது ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. டிரெய்லரை இழுத்த கார் மறுநாளே மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறது. அது துருப்பிடிக்கவும் படுத்துக்கிடக்கவும் நேரமில்லை.

வேனையும் வடலூரில் நிறுத்தலாமே என்று கேட்பார்கள். நிறுத்தலாம். ஆனால் மாதம் இருமுறையாவது அங்கே போய் இஞ்சினைக் கிளப்பி, நெடுந்தூரம் ஓட்டிவர வேண்டும். நின்றாலும் ஓடினாலும் அதன் காப்பீட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

புயலும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஓட்டுக் கூரைகள் காகிதம் போலப் பறந்ததைப் பார்த்தவன் நான். டிரெய்லர் எடை குறைந்த பெட்டி. அதைத் தரையில் வளையம் பதித்துச் சங்கிலியால் கட்டாமல் விட்டால் அப்படிப்பட்ட காற்றில் கவிழ்ந்துவிடும் என்றே கருதுகிறேன். இந்த இடத்தில் கனமான வேன் பாதுகாப்பானது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து தாழங்குடா, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் மூழ்கியபோது, டிரெய்லர் வடலூர்க் கொட்டகையில் நான்கு மூலையிலும் சங்கிலியோடு நின்றது.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் கவனம் தேவை. டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று இல்லாத டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சாதாரண வேனை வாங்கிப் பட்டறையில் கேரவனாக மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் 52-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை அது கட்டுப்படுத்துகிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மறுவிற்பனையில் வேனுக்குத்தான் சாதகம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டால் அது மீண்டும் வேனாகிவிடும். நான் விற்றுப் பார்த்ததில்லை.

வீட்டில் ஏற்கெனவே இழுவைத் திறனுள்ள கார் இல்லாதவர்களுக்கும், உட்கார்ந்தே நெடுந்தூரம் வரமுடியாத முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும், ஆண்டில் நான்கைந்து மாதம் சாலையிலேயே இருக்கப் போகிறவர்களுக்கும் வேனையே சொல்வேன். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு பயணமும் இரண்டு மூன்று வார இறுதிகளும் போய்வருகிற எங்களைப் போன்ற குடும்பத்துக்கு டிரெய்லர்தான். பழையதாக வாங்குவதென்றால், உள் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்துக்கொண்டு, கொக்கிக் கம்பி சேசிஸோடு சேரும் இடத்தையும் ஆக்சில் தாங்கிகளையும் குத்திப் பாருங்கள். ஜன்னல்களுக்குக் கீழே உட்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே அமுங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.