"பிங்" செர்ரிக் கன்று என்கிறார்கள், பணம் அனுப்பிவிடாதீர்கள்

54,000 ரூபா போய்விட்டது. கொழும்பில் இருந்துகொண்டு முகநூலில் பழக்கன்று விற்கும் ஒருவனிடம், கன்று 9,000 வீதம் ஆறு கன்றுகள். நுவரெலியாவில் உள்ள மைத்துனரின் காணியில் நடுவதற்காக வாங்கியவை.

அவன் பேசிய விதம்தான் என்னை நம்பவைத்தது. 1875இல் அமெரிக்காவின் ஒரேகனில் உருவான இனம், பழம் பெரியது, இதய வடிவம், கருஞ்சிவப்பு, சதை இறுக்கம் என்றான். அத்தனையும் உண்மை. "பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடித்துவிடும் அண்ணா, அதையும் சொல்லிவிடுகிறேன்" என்றான். தன் சரக்கின் குறையைத் தானே சொல்பவனை யார் சந்தேகிப்பார்? அன்று மாலையே 54,000 ரூபாவையும் அவன் கணக்கில் வைப்பிலிட்டேன்.

கன்றுகளில் இருந்த மொட்டுகள் போன வாரம் விரிந்தன. இளஞ்சிவப்புப் பூ, சுருங்கிய ஓரம். இலைகள் எதிரெதிராக, விளிம்பில் பல்லே இல்லை. பார்படோஸ் செர்ரி! வீட்டு முற்றங்களில் நிற்கும் அதே செடி. பிங் ஓர் இனிப்புச் செர்ரி, அதன் பூ வெள்ளை. இலை மாறி மாறி வரும், விளிம்பு ரம்பம் போலிருக்கும், காம்பின் மேல்முனையில் சிறு செஞ்சுரப்பிகள் தெரியும்.

கேட்டேன். "வெளிநாட்டுக் கன்று, முதலில் அப்படித்தான் இருக்கும்" என்றான். பிறகு மண்ணில் குறை என்றான். இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் கேட்டதும் "முதலாளியிடம் இருக்கிறது, அவர் சிங்கப்பூரில்" என்றான். இப்போது என் இலக்கத்தையே தடுத்துவிட்டான்.

உண்மையான பிங்கைத் தந்திருந்தாலும் மோசடிதான். அது காய்க்கக் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். நுவரெலியாவில் சில இரவுகள் உறைபனி விழுந்தாலும் பகலில் 20 பாகையைத் தொட்டுவிடும். "ஊர்க்குளிரே போதும்" என்றவன் அவன்தான். தன் மகரந்தத்தால் பிங் காய்க்காது, பக்கத்தில் பொருத்தமான வேறு இனம் நிற்கவேண்டும். ஆறும் பிங் என்று விற்றவன் இதை வாய்திறந்து சொல்லவில்லை.

வாங்க நினைப்பவர்கள் இலையின் அண்மைப் படத்தைக் கேளுங்கள். தாவரத் தனிமைப்படுத்தல் பத்திரம் இல்லாமல் "இறக்குமதி" என்றால் விலகுங்கள். முற்பணம் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

இன்று காலை மனைவியின் தொலைபேசியில் பார்த்தேன். அதே பக்கத்தில் புது விளம்பரம்: "ரெய்னியர்", மஞ்சள் செர்ரி, கன்று 9,000. படத்தில் இருக்கும் இலையில் பல் இல்லை.