சுவர் வெடிப்புப் படங்களும் போனைத் துப்புரவாக்கும் செயலிகளும்: இரண்டு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் போன் 64 ஜிபி. பிள்ளைகளின் வீட்டுவேலைப் படங்கள், நாலு வகுப்புக் குழுக்கள், கோயில் தேர் வீடியோ, தினமும் காலை வணக்கத்தோடு வரும் ரோஜாப்பூ எல்லாம் சேர்ந்து, 2023 கடைசியில் ஒருநாள் கேமராவே படம் எடுக்க மாட்டேன் என்றது. அன்றைக்குத்தான் ஃபைல்ஸ் பை கூகுள் செயலியைப் பாவிக்கத் தொடங்கினேன்.

இன்றுவரை அதில் எனக்குத் திருப்திதான். ஒரே சுற்றறிக்கை பீடிஎஃப் மூன்று தரம் இறங்கி, பெயருக்குப் பின்னால் 1, 2 என்று இலக்கத்தோடு கிடக்கும். பழைய ஸ்கிரீன்ஷொட், பெரிய வீடியோ, ஒன்றுபோல இருக்கிற கோப்புகள் என்று அது வகை பிரித்துக் காட்டும். முதல் நாளே 3 ஜிபிக்கு மேல் கிடைத்தது. அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் வரும். இது தெரியாமல், "அழிச்சும் குறையலையே டீச்சர்" என்று என்னிடம் போனை நீட்டியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், இணையத்தில் ஏற்றிவைத்த பிரதியும் போகும். போன் பிரதி மட்டும் போக வேண்டுமென்றால் 'இடத்தைக் காலியாக்கு' என்பதைத்தான் அழுத்த வேண்டும். அது ஏற்றி முடிந்த படங்களை மட்டுமே எடுக்கும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் ஒரு கோடு, மழை வந்தால் அதுவும் இல்லை. ஆகவே பாதிப் படம் ஏறாமலே நிற்கும். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றுகிற படங்கள் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகின்றன, ஜிமெயிலும் அதற்குள்தான். எனக்கு அது போன வருடமே நிறைந்துவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகம் முழுக்க மண்சரிவு. எங்கள் காம்பராவின் (லயத்தில் எங்கள் வீட்டின்) பின்சுவரில், அடுப்படிக்கு மேலே, மெல்லிய வெடிப்பு ஒன்று விழுந்தது. 29ஆம் திகதியிலிருந்து ஒவ்வொரு நாளும் அதைப் படமெடுத்தேன், பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தபடி. முதல் படத்தில் நாணயத்தின் ஓரம்கூட நுழையாது. பன்னிரண்டாம் நாள் படத்தில் நாணயம் அதற்குள் நிற்கிறது.

ஜனவரியில் மறுபடியும் இடம் முடிந்தது. விளம்பரத்தில் பார்த்த வேறொரு துப்புரவுச் செயலியைப் போட்டேன். பெயர் வேண்டாம். 'ஒத்த படங்கள்' என்று அது கூட்டிக் காட்டிய வரிசையில் பிள்ளைகளின் கொப்பிப் படங்கள் இருந்தன, பனியில் எடுத்த மங்கல் படங்கள் இருந்தன. சரி என்று அழுத்திவிட்டேன். வெடிப்புப் படங்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அந்தச் செயலியில் குப்பைத்தொட்டியும் இல்லை.

ஒன்றுபோல் இருக்கிற கோப்பு வேறு, ஒத்த படம் வேறு. முதலாவதில் உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஒரு பிரதி போனால் நட்டமில்லை. இரண்டாவதில் செயலி நிறத்தையும் உருவத்தையும் பார்த்து ஊகிக்கிறது. அதே சுவர், அதே நாணயம், அதே வெளிச்சம்; நடுவில் இருக்கும் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் அதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு அந்த இரண்டு மில்லிமீற்றர்தான் வீட்டில் படுப்பதா, பாடசாலை மண்டபத்தில் படுப்பதா என்பது.

அடுத்த வாரம் கிராம சேவகர் (ஜீ.எஸ்.) ஐயா வந்து எப்போதிருந்து, எவ்வளவு விரிந்தது என்று கேட்டார். கையில் ஒரு படம்தான். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்கு அழைத்தேன். "நீ அனுப்பினது ஒண்ணையும் நான் அழிக்கல அக்கா" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டபோது அழுதேவிட்டேன்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும், தரமும் குறையும். ஆனால் கோப்பின் பெயரில் வந்துசேர்ந்த திகதி நிற்கும்: 20251205, 20251206 என்று. அதை வைத்து வரிசைப்படுத்தினோம். முதல் ஐந்து நாள் சிக்னல் இல்லாததால் அந்தப் படங்களை டிசம்பர் 3 அன்றுதான் சேர்த்து அனுப்பியிருந்தேன். அவை ஐந்துக்கும் ஒரே திகதி. அதைச் சரிசெய்ய வழியில்லை. ஜீ.எஸ். ஐயாவிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

விளம்பரத்தில் வந்த அந்தச் செயலியை அன்றே எடுத்துவிட்டேன். அது தொடர்பு இலக்கங்களையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். படம் அழிக்க அதெல்லாம் எதற்கு? இப்போது பழைய செயலியோடுதான் இருக்கிறேன். பிரதிக் கோப்புகளைப் பார்க்காமலே அழிக்கிறேன், பீடிஎஃப் ஆனால். படம் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான். வட்ஸ்அப்பில் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன், இடம் மிச்சமானதில் பாதி அதனால்தான்.

வெடிப்புப் படங்களுக்கு 'சுவர்' என்று தனிக் கோப்புறை இருக்கிறது. நேற்று மழை விட்டதும் எடுத்தது 43ஆவது, அதே நாணயத்தோடு. தம்பிக்குப் படமாக அனுப்பாமல் டொக்யூமென்டாக அனுப்பினேன், எடுத்த திகதியும் கூடவே போயிற்று.