ஈடிடிஏ, என்டிஏ, ஈடிடிஎஸ்: எதை உடைக்கும் நொதியம் எங்கள் கிணறுகளுக்கு நல்லது?

நுண்சத்துப் பொதி, ஷம்பூ, சலவைத் தூள் எதைப் புரட்டினாலும் பின்பக்கத்தில் ஈடிடிஏ என்று இருக்கலாம். உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் கீலேட் சேர்வை அது. என்டிஏ, ஈடிடிஎஸ் ஆகியவையும் அதே வேலை செய்யும் சேர்வைகள்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் தண்ணீரைத்தான் திரும்ப அள்ளிக் குடிக்கிறோம், அதனால் இந்தச் சேர்வைகளை எந்தப் பற்றீரியா எப்படி உடைக்கிறது என்பது எங்களுக்கு வீட்டு விஷயம்.

ஈடிடிஏ 1935இல் செய்யப்பட்டது. அதையே தின்று வளரும் பிஎன்சி1 என்ற பற்றீரியா பற்றி 1992இல்தான் எழுதினார்கள். அதன் எமோஏ நொதியம் ஈடிடிஏயின் நாலு அசற்றேற்றுக் கைகளில் இரண்டை ஒவ்வொன்றாக வெட்டி கிளையொக்சலேற்று என்ற சிறு மூலக்கூறாக்குகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒட்சிசன் வேண்டும், ஒடுக்கப்பட்ட (இலத்திரன் ஏற்றிய) எஃப்எம்என் என்ற துணை மூலக்கூறு வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுக்க எமோபி என்ற இன்னொரு நொதியமும், இலத்திரன் கொடுக்கும் என்ஏடிஎச் மூலக்கூறும் வேண்டும். மிச்சக் கைகளை ஐடாஏ என்ற வேறொரு நொதியம் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு செலவான வேலை! அதோடு செப்பையோ இரும்பையோ இறுக்கிப் பிடித்திருக்கும் ஈடிடிஏ அசையாது. கல்சியம் பிடித்தது உள்ளே போய்விடும். எங்கள் சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கழன்று கல்சியம் ஏறுவதால் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் அனுகூலம்தான், ஆனால் அந்தப் பற்றீரியாவும் ஒட்சிசனும் நிலத்தடியில் இருந்தால் மட்டுமே.

என்டிஏயும் இதே மாதிரியான ஒட்சியேற்றத்தால்தான் உடைகிறது, ஆனால் சுலபமாக. ஒரு வெட்டோடு இமினோடைஅசற்றேற்று ஆகிவிடும். என்றாலும் என்டிஏ மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் 2பி பட்டியலில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊருக்கு இது வேண்டாம்.

ஈடிடிஎஸ் விஷயம் வேறு. அதை உடைக்கும் லையேஸ் நொதியத்தின் முதல் வெட்டுக்கு ஒட்சிசனும் வேண்டாம், எஃப்எம்என்னும் வேண்டாம். காபன்-நைதரசன் பிணைப்பை நேரே பிரித்து ஃபியூமரேற்றை வெளியே விடுகிறது, அது கலத்தின் வழக்கமான சக்திப் பாதையிலேயே சேர்ந்துவிடும். சுவாரசியம் என்னவென்றால் இந்த நொதியமும் அதே பிஎன்சி1இல் இருக்கிறது. இரும்பு, நாகம் (துத்தநாகம்) ஏறிய ஈடிடிஎஸ்ஸும் உடையும், அதனால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் நுண்சத்துக்குப் பொருத்தம்.

இரண்டு நிபந்தனை உண்டு. எஸ்,எஸ் வடிவமாக இருக்க வேண்டும். அதன் கண்ணாடிப் பிம்பமான ஆர்,ஆர் வடிவம் உடையாமல் தேங்கும். அப்புறம், செப்பு ஏறினால் ஈடிடிஎஸ்ஸும் அடம்பிடிக்கும். முந்திரிகைத் தோட்டங்களில் வருடக்கணக்காகச் செப்பு உள்ள போடோ கலவை அடித்த மண்ணில் அது சீக்கிரம் கரைந்துபோகும் என்று நான் சொல்லமாட்டேன்.

மண்ணில் இரும்பைக் கைவிடாமல் பிடிப்பதில் ஈடிடிஎச்ஏ என்ற இன்னொரு கீலேட்தான் கெட்டி, ஆனால் அதன் வளையங்களை உடைப்பது லேசில்லை. இலைக்கு அடிப்பதற்கும் குளிக்கும் பொருட்களுக்கும் என் தேர்வு எஸ்,எஸ்-ஈடிடிஎஸ். ஷம்பூ போத்தலில் அது ட்ரைசோடியம் எத்திலீன்டயமீன் டைசக்சினேற் என்ற பெயரில் இருக்கும், வாங்குமுன் தேடிப் பாருங்கள்.