பரந்தனில் ஒரு பழைய கியர்பொக்ஸ்: ஐந்து கிழமைப் பயணத்தின் அனுபவம்

பரந்தனில் மாமாவின் வளவில் நிற்கும் மொறிஸ் மைனர், பதிவுப் புத்தகத்தின்படி 1959ஆம் ஆண்டுக் கார். போருக்குப் பின் 2012இல் வவுனியாவில் ஒருவரிடமிருந்து மாமா அதை வாங்கினார். அதற்கு முன் அது யார் யாரிடம் நின்றது, எந்தெந்தக் கராஜில் என்னென்ன மாற்றப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சென்ற முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கார் முதல் மூன்று கியர்களிலும் முனகியது. நான்காவதைப் போட்டதும் அமைதியாகியது. மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கையில் காலைச் சற்று எடுத்தால் கியர்க் கம்பி தானாகவே துள்ளி நியூற்றலுக்கு வந்துவிடும்.

நான்காவது கியரில் இயந்திரத்தின் சுழற்சி நேரடியாகப் பின்புறத்துக்குப் போய்விடுவதால், கீழே உள்ள லேசாஃப்ட் என்ற தண்டும் அதன்மேல் சுழலும், பல கியர்கள் ஒரே துண்டாகச் சேர்ந்த கிளஸ்டர் கியரும் சுமை எதையும் தாங்குவதில்லை. ஆகவே நான்காவதில் மட்டும் சத்தம் அடங்குமானால் பழுது கீழ்ப்பகுதியில்தான் என்பது ஓரளவு நிச்சயம். இவ்வளவு தெரிந்த துணிச்சலில், பதிவுப் புத்தகத்தில் இருந்த ஆண்டை நம்பி, 948 சீசீ இயந்திரம் கொண்ட மைனர் 1000க்கு உரிய கிளஸ்டர் கியர், லேசாஃப்ட், ஊசி போன்ற உருளைகள் கொண்ட நீடில் பெயாரிங்குகள், கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் வேகத்தை ஒன்றாக்கும் சிங்குரோப் பாகங்கள் ஆகியவற்றை இலண்டனிலேயே வாங்கி, இந்த ஆண்டு என் பயணப் பொதியில் கொண்டு போனேன். இங்கிலாந்தில் மைனருக்குப் பாகம் தேடுவது கடினமான காரியம் அல்ல. அங்கே அந்தக் காரைப் பேணுகிறவர்கள் ஏராளம். அதற்கென்றே கடை நடத்துகிறவர்களும் உண்டு. எங்கள் தென்னிலங்கையிலேயே மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய பட்டறை ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கிளிநொச்சியில் ஏ-9 வீதியில் இருந்து சற்று உள்ளே உள்ள ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டு போனோம். உழவு இயந்திரங்களே அங்கு பிரதான வேலை. கார் திருத்துகிற இடத்துக்குப் போகாமல் இங்கே ஏன் வந்தோம் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. மாமாவின் கணக்கு சரியானது என்பது பின்னர்தான் தெரிந்தது. வன்னியில் வயல் உழுத பழைய மெசி பெர்குசன் 35 இயந்திரங்களின் நட்டுகள் அங்குல அளவிலானவை. மைனரின் நட்டுகளும் அப்படியே. யப்பான் வாகனங்களை மட்டும் திருத்தும் கராஜ்களில் மில்லிமீற்றர்ச் சாவிகளே கிடைக்கும். அவற்றை வைத்துப் பழைய ஆங்கிலேய நட்டுகளைத் திருகினால் தலை உருண்டுவிடும். இங்கோ சுவரில் அங்குலச் சாவிகள் வரிசையாகத் தொங்கின.

மெக்கானிக் அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு காரின் கீழே படுத்துக் கியர்பொக்ஸைக் கையால் தடவிவிட்டு எழுந்து வந்தார். “தம்பி, சாமான் நல்ல சாமான். பெட்டிதான் வேற,” என்றார்.

விடயம் இதுதான். 1962இல் மைனருக்கு 1098 சீசீ இயந்திரம் வந்தபோது கியர்பொக்ஸும் மாறியது. முந்தியதன் வெளிப்புறம் வழவழப்பானது. பிந்தியதன் அலுமினிய உடலில் விலா எலும்பு போன்ற வரிகள் தெரியும். உள்ளே சிங்குரோ முறையும் வேறு. எங்கள் காரின் 1959ஆம் ஆண்டு உடலுக்குள் யாரோ எப்போதோ 1098இன் இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார்கள். இயந்திர எண்ணின் தொடக்க எழுத்துகளைப் பார்த்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்: 948க்கு ‘9எம்’, 1098க்கு ‘10எம்ஏ’. எண் பொறித்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி, கிடைத்ததைக் கிடைத்ததோடு பொருத்திப் பிழைத்த கார்கள் இவை. அவற்றின் புத்தகத்தை நம்பி நான் பாகம் வாங்கியது என் மடமையே.

கியர்பொக்ஸை இறக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். முன் இருக்கைகளைக் கழற்றி, தரையின் நடுவே திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும் மூடியைத் தூக்கி, இயந்திரத்தை அசைக்காமல் காரின் உள்ளிருந்தே பெட்டியை எடுத்தார்கள். அண்ணையும் இரு பொடியன்களுமாக அந்த வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. திறந்து பார்த்தபோது லேசாஃப்டின் மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. கிளஸ்டர் கியரில் இரண்டு பற்கள் விளிம்பு உடைந்திருந்தன. சிங்குரோ ரிங்குகளைக் கியரின் கூம்பின்மேல் வைத்து அழுத்தியபோது, ரிங்குக்கும் பூட்டும் சிறு பற்களுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய இல்லை. அவை தேய்ந்து முடிந்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று.

பெயாரிங்குகள் மிக எளிதில் கிடைத்தன. அவற்றின் விளிம்பில் பொறித்திருந்த எண்களை எழுதிக்கொண்டு நகரில் உள்ள ஒரு பெயாரிங் கடைக்குப் போனோம். ஒன்றைக் கடைக்காரர் உடனே எடுத்துத் தந்தார், மற்றதை இரண்டு நாளில் வருவித்தார். இதற்கு “மைனர்” என்ற சொல்லையே நாங்கள் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் “இல்லை” என்ற பதில்தான் வந்திருக்கும்.

லேசாஃப்ட்டுக்கு லேத் பட்டறைக்குப் போனோம். பார்ப்பதற்கு அது ஒரு சாதாரண உருண்டைக் கம்பிதான். கடைந்து தருவது பட்டறைக்காரருக்குப் பெரிய வேலையல்ல. ஆனால் நீடில் பெயாரிங்கின் ஊசிகள் நேராக அந்தக் கம்பியின் மேலேயே உருள்வதால், மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். மென்மையான இரும்பில் கடைந்தால் சில மாதங்களில் ஊசிகள் அதைத் தின்றுவிடும். “கடைஞ்சு தரலாம், காசும் வாங்கலாம். ஆனா கன நாளைக்கு நிக்காது, தம்பி,” என்று அவர் தானாகவே சொன்னார். பயணம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான சேவை, வேலை எதையும் செய்யாத அந்தப் பட்டறையில் கிடைத்ததுதான்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்பதை எல்லோரும் அறிவர். அங்குள்ள ஒருவரை வட்ஸ்அப்பில் பிடித்து, படங்கள் அனுப்பி, புதிய சிங்குரோ ரிங்குகள் என்று சொன்னதை நம்பி முற்பணம் அனுப்பினேன். இரவு பஸ்ஸில் பொதி வந்தது. பளபளவென்று மினுக்கப்பட்ட பழைய ரிங்குகள்! கூம்பில் வைத்து அழுத்தினால் எங்களுடையவற்றை விட மோசம். கேட்டபோது, “அறுபது வருசத்துச் சாமான் இப்படித்தான் வரும்” என்று பதில் வந்தது. பணம் திரும்பி வரவில்லை. படத்தில் மினுக்கம் தெரியும், தேய்மானம் தெரியாது. இனி வாங்குவதானால் கூம்பில் வைத்து இடைவெளியை அளந்து காட்டும் காணொளியைக் கேட்டுத்தான் வாங்குவேன்.

இதற்கிடையில் அண்ணை தன் வழியில் தேடிக்கொண்டிருந்தார். போருக்குப் பின் வன்னியில் கிடந்த பழைய வாகனங்களில் மிகப் பல இரும்பு விலைக்கு லொறி லொறியாகப் போய்விட்டதால், இரும்புக் கடைகளில் தேடுவதில் பயனில்லை என்பது அவருடைய கருத்து. அவர் விசாரித்ததெல்லாம் லொறிச் சாரதிகளிடமும் நெல் வியாபாரிகளிடமும்தான். நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டில், உடல் உக்கிப்போன மைனரில் இருந்து கழற்றிய, வரிகள் உள்ள 1098இன் கியர்பொக்ஸ் ஒன்று கோழிக்கூட்டின் பின்னால் சாக்கால் மூடிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. போனோம். அண்ணை அதன் அடித் திருகைத் திறந்து, எஞ்சியிருந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பொன்நிறத் துகள் இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, இரும்புச் செதில் இருந்தால் பல் போயிருக்கிறது என்றார். துணியில் கறுப்பு எண்ணெய் மட்டுமே இருந்தது. வீட்டுக்கார அம்மா முதலில் சொன்ன விலை கூடுதல்தான். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் பழைய காரின் பெயரைச் சொன்னாலே விலை ஏறியதை அவரும் அறிந்திருந்தார். தேநீர் குடித்து முடிவதற்குள் நாற்பதாயிரம் ரூபாவுக்கு இணங்கினார்.

அந்தப் பெட்டியில் இருந்து கிளஸ்டர் கியரும், மூன்றாவது கியரின் பாகங்களும், ரிங்குகளும் எங்கள் பெட்டிக்கு வந்தன. லேசாஃப்ட் மட்டும் அதிலும் குழிந்திருந்தது. இலண்டனில் இருந்து கட்டுநாயக்காவுக்கு வரவிருந்த ஒரு நண்பரின் பொதியில் சரியான லேசாஃப்டும் ஊசிகளும் வந்து சேர்ந்தன; மருமகன் இரவு பஸ்ஸில் போய் வாங்கி வந்தான். எடை மிகச் சொற்பம். நான் முதலில் சுமந்து வந்த பெட்டியை நினைத்து வெட்கப்பட்டேன்.

எண்ணெய் விடயத்தில் மட்டும் அண்ணையோடு சிறு தர்க்கம் நடந்தது. அவர் பின் அச்சுக்குப் போடும் தடித்த கியர் எண்ணெயையே இதற்கும் ஊற்றப் போனார். மைனரின் கியர்பொக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்னது இயந்திர எண்ணெய்தான், ஏறக்குறைய 1.3 லீற்றர், கடுமையான சில கியர் எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்வை வெண்கல ரிங்குகளை அரிக்கவும் கூடும். கையேட்டின் பக்கத்தைத் தொலைபேசியில் காட்டியதும், “சரி, உங்கட புத்தகம் இந்த முறை மட்டும் சரியா இருக்கட்டும்,” என்று சிரித்துவிட்டு இயந்திர எண்ணெயை ஊற்றினார்.

புறப்படுவதற்கு முந்திய நாள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் புதுக்குடியிருப்பு வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது துள்ளவில்லை, முனகலும் இல்லை. இரண்டாவதை அவசரமாகப் போட்டால் இன்னும் சற்றுக் கரகரக்கிறது. நான் கொண்டுவந்த 948இன் பாகங்களை அண்ணையிடமே விட்டு வந்தேன். அவர் பெட்டியின்மேல் தடித்த எழுத்தில் ‘9எம்’ என்று எழுதி, மெசியின் கிளட்ச் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒட்டுசுட்டானில் வழவழப்பான பெட்டியோடு ஒரு கார் நிற்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். நேரில் போய்த் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுப்பாராம்.