கானா சாக்லேட் சாப்ட ஒரு பொள்ளாச்சிக்காரனோட ரிவ்யூ

மொதல்ல மார்க்க போட்டுடறேன். கோல்டன் ட்ரீ கிங்ஸ்பைட்டுக்கு அஞ்சுக்கு நாலு, ஓரான்கோவுக்கு நாலரை. இது மட்டும் போதும்ங்கறவங்க இப்டியே கெளம்பிக்கலாம், மிச்சம் கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா எங்க தென்னந்தோப்புக்குள்ளயே ஊடுபயிரா கோகோ நிக்குது, அதனால சாக்லேட்ட வாயில போட்டா நாக்கு ஒரு பக்கம் மனசு ஒரு பக்கம் கணக்கு போட ஆரம்பிச்சுடும்.

கூட படிச்சவன் ஒருத்தன் கானாவுல டெமாங்கற துறைமுக ஊர்ல வேலைல இருக்கான். லீவுக்கு வரப்ப என்னடா வேணும்னு கேட்டான். சென்ட்டு கின்ட்டு ஒன்னும் வேண்டாம், அந்த ஊர்லயே செஞ்ச சாக்லேட் கொண்டாடான்னேன். உலகத்து கோகோல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேந்து வெளைய வெக்கறாங்க, ஆனா நம்ம கடைல சாக்லேட் அட்டைல ஸ்விட்சர்லாந்து, பெல்ஜியம்னுதான் போட்டிருக்கு, கானாவுல செஞ்சதுன்னு ஒன்ன நான் பாத்ததே இல்ல. கோல்டன் ட்ரீ டெமாவுலயே செய்யறது, 1960கள்ல ஆரம்பிச்ச அரசு சார்ந்த ஃபேக்டரி. கிங்ஸ்பைட்டு பால் சாக்லேட், ஓரான்கோ ஆரஞ்சு வாசம் போட்டது.

பிரிச்சதும் மொதல்ல கவனிச்சது, உருகல. கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இருந்து மே மாச வெயில்ல கார் டிக்கிக்குள்ள வந்த பை அது. நம்ம ஊர் சாக்லேட் பட்டைன்னா இந்நேரம் கரண்டில வழிச்சிருக்கணும், இது ஒடைச்சா டக்குன்னு சத்தம் வருது. வெயில் ஊர்ல விக்கறதுக்குன்னே செஞ்சது. வாயில வெச்சா ஒடனே வழுக்கீட்டு போகாது, கொஞ்ச நேரம் ஒதுக்கி வெக்கணும், அப்பறம் மெதுவா கோகோ வாசம் மேல வரும், வறுத்த வாசம், லேசா புளிப்பு, இனிப்பு கம்மி. காய ஒடைச்சு கொட்டைய புளிக்க வெக்கற ஷெட்டுல அஞ்சாவது நாள் ஒரு வாசம் அடிக்கும் பாருங்க, அதோட தங்கச்சி மாதிரி. எனக்கு புடிச்சுது. பொண்ணுக்கு கிங்ஸ்பைட்டு அவ்ளோ இஷ்டமில்ல, ஓரான்கோவ மட்டும் விட மாட்டேங்கறா.

பக்கத்துல வெச்சு பாக்கலாம்னு மச்சான் துபாய் ஏர்போர்ட்ல வாங்கீட்டு வந்த ஸ்விஸ் பட்டை ஒன்னு இருந்துச்சு, அதையும் பிரிச்சேன். நூறு கிராம், நம்ம காசுக்கு நானூறு ரூபா சொச்சம். உண்மைய சொல்லணும்ல, பட்டு மாதிரி இருக்கு. ஆனா பின்னாடி திருப்பி பாத்தா கோகோ 30 சதவீதம்தான், மிச்சம் பாலும் சக்கரையும். முப்பது கிராம் கோகோவுக்கு தோல் கழிவு போக ஏறக்குறைய முப்பத்தெட்டு கிராம் காஞ்ச கொட்டை வேணும். பல வருஷம் உலகச் சந்தைல டன்னு 2,500 டாலர் பக்கமாதான் ஓடுச்சு, அந்த ரேட்டுக்கு முப்பத்தெட்டு கிராம் கொட்டையோட வெல எட்டு ரூபா. நானூறுல எட்டு. அதுவும் துறைமுகத்து வெல, காட்டுக்காரன், அதாவது வெவசாயி, கைக்கு வரது அதுலயும் கம்மி. மிச்ச முன்னூத்தி தொண்ணூத்தி ரெண்டும் பாலு, சக்கரை, மிஷினு, அட்டை, விளம்பரம், கடை வாடகை, வரி, லாபம்னு போகுது, அதுல முக்காவாசி பணக்கார நாட்டுக்குள்ளயே சுத்துது.

இதுல ஒரு விசயம் எனக்கு எப்பவும் ஆச்சரியம். கானாவுக்கு கோகோவ கொண்டு வந்து பரப்புனவர்னு டெட்டே குவார்ஷிங்கற ஆள சொல்றாங்க, மேற்கு ஆப்பிரிக்கா கிட்ட இருக்கற ஃபெர்னாண்டோ போ தீவுல இருந்து 1879ல வெதை எடுத்துட்டு வந்தார். அதே 1879லதான் ஸ்விட்சர்லாந்துல ரொடோல்ஃப் லின்ட், சாக்லேட்ட மணிக்கணக்குல அரைச்சு நைஸ் பண்ற மிஷின கண்டுபுடிச்சார். ஒரே வருஷம், ஒருத்தர் கைல வெதை ஒருத்தர் கைல மிஷின். வெதை அடுத்த ஊருக்கு போச்சு, வெல எறங்குச்சு, மிஷினும் பேரும் போன எடத்துல பணம் தங்குச்சு. (நம்மளும் லேசுப்பட்டவங்க இல்ல, குற்றாலத்துக்கு 1798லயே கோகோ வந்துருச்சு, கானாவுக்கு எண்பது வருஷம் முன்னாடி. நாம அதை வெச்சு ஒன்னும் கிழிக்கல, அது வேற கதை.)

ரவுல் ப்ரெபிஷ், ஹான்ஸ் சிங்கர்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க இத 1950லயே சொல்லிட்டாங்க, கச்சாப் பொருள மட்டும் வித்துகிட்டே இருந்தா காலப்போக்குல ஒரு மிஷின் வாங்க இன்னும் இன்னும் மூட்டை ஏத்தணும்னு. எங்க சித்தப்பா இத ஒரு பக்கமும் படிச்சதில்ல, ஆனா டிராக்டர் வெலையயும் தேங்கா வெலையயும் வெச்சு இதே பேச்சத்தான் திண்ணைல பேசுவாரு.

இப்ப 2024க்கு வரேன், என் மண்டைய கொடைஞ்சது இதுதான். அந்த வருஷம் மார்ச் கடைசில நியூயார்க் சந்தைல கோகோ டன்னு 10,000 டாலர தாண்டுச்சு, டிசம்பர்ல 12,000. மழை கோளாறு, மரத்துல வைரஸ் நோய், கானாவுல தோட்டத்த தோண்டி கள்ளத்தனமா தங்கம் எடுக்கறது எல்லாம் சேந்து வெளைச்சல் விழுந்துருச்சு. ஏப்ரல்ல கேரளாவுல காஞ்ச கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய தாண்டுச்சு, எங்க பக்கமும் ஏறக்குறைய அதான். எங்க ஊர் யாவாரி ஒருத்தர் ஈரம் இருக்குதுன்னு சொல்லி எடைல புடிச்சதெல்லாம் போகவும் நல்ல காசு. சித்தப்பா மோட்டார் மாத்தினாரு, பாக்கிய அடைச்சாரு.

அதே மாசம் கானா காட்டுக்காரனுக்கு எவ்ளோ கெடைச்சுது தெரியுங்களா? அங்க சந்தை வெல கெடையாது, கோகோபோர்டுனு அரசாங்க வாரியம் சொல்றதுதான் வெல. அவங்க பணத்துக்கு பேரு செடி, கோகோச் செடிய வித்து செடி வாங்கறாங்க, ஃப்ரெண்டு மொதல்ல சொன்னப்ப கலாய்க்கறான்னு நெனச்சேன். டன்னுக்கு 20,928 செடியா இருந்தத ஏப்ரல்ல 33,120க்கு ஏத்துனாங்க, 64 கிலோ மூட்டைக்கு 2,070 செடி. நம்ம ரூபாய்ல கிலோ ஏறக்குறைய 205. ஏத்துனதுக்கு அப்பறம் வர வெல இது. இங்க ஆயிரம், அங்க எறநூத்தி அஞ்சு, ஒரே கொட்டை.

ஏன்னு கேட்டா வாரியக்காரங்க திருடிட்டாங்கன்னு ஒரே வரில முடிக்கவும் முடியாது. வருசா வருசம் சீசனுக்கு முன்னாடியே பெரும்பங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு வெல பேசி வித்துடுவாங்க, அந்த ஒப்பந்தத்த காட்டி வெளிநாட்டு பேங்குல கடன் வாங்கித்தான் காட்டுக்காரனுக்கு பட்டுவாடா, 2023-24 சீசன் வரைக்கும் இதான் வழக்கம். வெல விழுந்தா அவன் தப்பிச்சுக்குவான், அதுக்குத்தான் அந்த ஏற்பாடே. ஆனா வெல பேயாட்டம் ஏறுன வருஷத்துல பழைய ரேட்டுல மாட்டிக்கிட்டாங்க. காட்டுக்காரங்க பாதி ராத்திரில மூட்டைய எல்லை தாண்டி டோகோவுக்கு கடத்துனாங்க, வேறென்ன பண்ணுவாங்க. செப்டம்பர்ல மூட்டைய 3,000 செடிக்கு ஏத்துனாங்க. அப்பறம் 2025 கடைசில உலக வெல அந்த உச்சத்துல பாதியா எறங்குச்சு, எங்க தோட்டத்துலயும் சிரிப்பு அடங்கிருச்சு.

சரி, அங்கயே சாக்லேட்டா செஞ்சு வித்துட்டா தீந்துச்சுல்லன்னு நானும்தான் கேட்டேன். ஃப்ரெண்டு ஒவ்வொன்னா எண்ணிக் காட்டுனான். பால் பவுடர் வெளிநாட்டுல இருந்து வரணும், சக்கரையும் வரணும், கரண்ட்டு போய்ப் போய் வரும், அதுக்கு அங்க டும்சோர்னு செல்லப் பேரே இருக்கு. வட்டிய கேளுங்க, அவங்க ரிசர்வ் பேங்க் வட்டியே 2023ல 30 சதவீதம். ஸ்விட்சர்லாந்துக்காரன் அதுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மில கடன் வாங்கி மிஷின் போடுவான். டெமாவுல கொட்டை அரைக்கற பெரிய ஃபேக்டரிங்க இருக்கு, ஆனா அதுல முக்கியமானதுங்க வெளிநாட்டு கம்பெனிங்களோடது, அரைச்ச பேஸ்ட்டா கப்பல் ஏறுதே ஒழிய பட்டையா ஏறல. பக்கத்து ஊர்லயே வாங்கித் திங்க ஆளிருக்கான்னா அங்க சாக்லேட் ஏழைக்கு ஆடம்பரம். 2005ல இருந்து பிப்ரவரி 14அ சாக்லேட் தினம்னு கொண்டாடறாங்களாம், காதலர் தினத்த அப்டியே கோகோ பக்கம் திருப்பிட்டாங்க, இந்த ஐடியாவுக்கு தனியா ஒரு ஸ்டார் தரலாம்.

ஆளுக்கு வருமானம்னு பாத்தா 2023ல கானா வருஷத்துக்கு 2,300 டாலர் பக்கம், ஸ்விட்சர்லாந்து ஏறக்குறைய ஒரு லட்சம். நாப்பது மடங்குக்கு மேல. வாங்கும் திறன வெச்சு சரி பண்ணா வித்தியாசம் பத்து பன்னெண்டு மடங்கா சுருங்கும்ங்கறாங்க, ஏன்னா கானா தலைநகர் அக்ராவுல முடி வெட்டறதும் ட்ரோட்ரோன்னு சொல்ற ஷேர் வேன்ல போறதும் மலிவு. நியாயமான கணக்குதான். ஆனா அரைக்கற மிஷினயும் பால் பவுடரயும் முடிவெட்டற வெலைல எவனும் தர மாட்டான், டாலர்லதான் வாங்கணும், அங்க நாப்பது நாப்பதாவேதான் நிக்குது. 2022 டிசம்பர்ல அங்க வெலவாசி ஏத்தம் 54 சதவீதம், அதே மாசம் வெளிநாட்டு கடன கட்ட முடியாதுன்னு கைய விரிச்சாங்க, 2023ல ஐஎம்எஃப்ங்கற பன்னாட்டு நிதியத்து கிட்ட 300 கோடி டாலர் கடன், அவங்க கிட்ட போறது இது பதினேழாவது தடவை. இன்னொரு கூத்து, 2010ல புள்ளிவிவரக்காரங்க கணக்கெடுக்கற அடிப்படை வருஷத்த மாத்துனாங்க, ஜிடிபிங்கற நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்கு ஒரே ராத்திரில அறுபது சதவீதம் பெருசாகி ஏழை நாடுங்கற பட்டியல்ல இருந்து நடுத்தர வருமான நாடா ப்ரமோஷன். அன்னிக்கு காலைல காட்டுக்காரன் குடிச்ச கஞ்சி என்னமோ அதே கஞ்சிதான்.

சாக்லேட்டுக்கு வரேன். நம்ம ஊர்ல எந்த கடைலயும் நான் பாக்கல, கானாவுல இருந்து யாராவது வந்தா சொல்லி விடுங்க. வாங்கறதா இருந்தா ஓரான்கோ ரெண்டுக்கு கிங்ஸ்பைட்டு ஒன்னுங்கற கணக்குல வாங்குங்க. ஃப்ரிட்ஜுல வெக்காதீங்க, தேவையே இல்ல, வெச்சா பல்லு பத்திரம். காபிக்கு முன்னாடி சாப்டுங்க, பின்னாடி சாப்டா அந்த லேசான புளிப்பு தெரியாம போயிடும். என்கிட்ட இப்ப ஒரே ஒரு ஓரான்கோ மிச்சம், பொண்ணு கண்ணுல படாம அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வெச்சிருக்கேன்.