துருப்பிடித்த லூகர்: வேகவைப்பதா, தேய்த்து நீலம் ஏற்றுவதா?

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று துருவோடு கைக்கு வந்தால் நாலு வழி இருக்கிறது. எண்ணெய் போட்டு அப்படியே விட்டுவிடலாம். கொதிநீரில் வேகவைத்துச் செந்துருவைக் கறுப்பாக மாற்றலாம். சூடேற்றாமல் பூசும் கோல்டு ப்ளூ என்ற நிறமேற்றும் கரைசலை ஒரு பாட்டில் வாங்கி வெளுத்த இடங்களில் தடவலாம். அல்லது துரு, குழி, கீறல் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, பளபளப்பாக்கி, புதிதாக நீலம், அதாவது எஃகின்மேல் உண்டாக்கும் கருநீல ஆக்சைடுப் படலம், ஏற்றலாம். என்னிடம் இருப்பது பெர்லின் டி.டபிள்யூ.எம். ஆயுத ஆலையில் செய்த பி08 என்ற ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி. லூகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தோட்டா அறையின் மேல் 1917 என்று முத்திரை. தோல் உறையிலேயே பல காலம் கிடந்ததால் வலப்பக்கம் முழுக்கச் செந்துரு, அதற்கடியில் குழிகள். நான் இரண்டாவது வழியில் போனேன், அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி அதை வைத்திருக்க உரிமை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த அலசல் வெளிப்பரப்பைப் பற்றி மட்டும்தான். குழலுக்குள் குழி விழுந்த துப்பாக்கியைச் சுடலாமா என்பதை ஆயுதப் பழுதுபார்ப்பவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெய் போட்டு விட்டுவிடுவது லேசான பழுப்பு படிந்த துப்பாக்கிக்குச் சரி. செந்துரு உள்ளதற்குப் போதாது. செந்துரு பொசபொசவென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே எண்ணெய் மினுமினுக்க, கீழே இரும்பு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

கோல்டு ப்ளூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் செலினியம், செம்பு உப்புகள் கலந்த அமிலக் கரைசல். நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பூசிய அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். கைபட்டுக் கைபட்டு மங்கிவிடும், நிறமும் பக்கத்தில் உள்ள பழைய நீலத்தோடு ஒட்டாது. வாங்க வருகிறவர் கொஞ்சம் விவரமானவர் என்றால் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஒரு ஸ்க்ரூத் தலைக்குத் தொட்டுவைக்கலாம், அதோடு சரி.

வினிகர், பாஸ்பாரிக் அமிலம், துரு நீக்கும் திரவங்கள் ஆகியவற்றையும் சிலர் ஒரு வழியாகச் சொல்வார்கள். கறுமை கலந்த அந்த நீலமும் இரும்பு ஆக்சைடுதான், செந்துருவும் இரும்பு ஆக்சைடுதான். எது வேண்டியது, எது வேண்டாதது என்று அமிலத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. துருவோடு நீலத்தையும் எடுத்துவிட்டு, சாம்பல் நிற வெற்று இரும்பைக் கையில் கொடுத்துவிடும். அப்புறம் நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மறுபடி நீலம் ஏற்றியே ஆக வேண்டும்.

இப்போது நான் செய்ததற்கு வருகிறேன். 1937 வாக்கில், பின்னாளில் லூகர் தயாரித்த மவுசர் ஆலை உப்புக் கரைசல் முறைக்கு மாறும்வரை லூகர்களுக்கு நீலம் ஏற்றியதே துருவை வைத்துத்தான். எஃகைத் திட்டமிட்டுச் சீராகத் துருப்பிடிக்க வைப்பார்கள், கொதிநீரில் போடுவார்கள், செந்துரு மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறும், தளர்ந்த கரியைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வார்கள். அந்தக் கறுப்பு இரும்போடு இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆக, 1917 லூகரை வேகவைக்கும்போது அந்நியமான எதையும் அதன்மேல் பூசவில்லை. ஆலை செய்த வேலையின் இரண்டாம் பாதியைத்தான் செய்கிறோம். முதல் பாதியைத் தோல் உறையும் ஈரக்காற்றும் செய்து முடித்துவிட்டன.

செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். முழுக்கப் பிரித்து, மரப்பிடிகளைத் தனியாக வைத்துவிட வேண்டும். ஸ்பிரிங்குகளையும் நான் தனியாக எடுத்துவிட்டேன். எஃகுப் பாகங்களை அசிட்டோனில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் போக்க வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் மாற்றம் நடக்காது. தண்ணீர் காய்ச்சி வடித்த நீராகவே இருக்கட்டும், குழாய்த் தண்ணீரின் உப்புகள் வெள்ளைத் திட்டாகப் படியும். கொதிக்கும் நீரில் இருபது முப்பது நிமிடம் கிடந்து வெளியே எடுத்தால் செம்பழுப்பு இருந்த இடமெல்லாம் கரி பூசினாற்போல் இருக்கும். நாலு பூஜ்யம் (0000) என்ற மிக மெல்லிய ரக ஸ்டீல் வுல்லை, அதிலுள்ள எண்ணெயையும் அசிட்டோனில் போக்கிவிட்டு, அழுத்தாமல் தேய்த்தால் கரி வந்துவிடும். அடியில் இன்னும் சிவப்பு தெரிந்தால் மறுபடி நீரில் போட வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் செம்பொடி வராத நிலை வந்தால் முடிந்தது. துருவுக்குள் ஒளிந்திருக்கும் வியர்வை உப்புகளில் ஒரு பங்காவது கொதிநீரில் கரைந்து வெளியேறுவது கூடுதல் லாபம். துரு திரும்பத் திரும்ப அதே இடத்தில் முளைக்க அந்த உப்புதான் காரணம்.

ட்ரிகர், சேஃப்டி நெம்புகோல், மேகசினை விடுவிக்கும் பொத்தான் போன்ற சில சிறு பாகங்களை அந்தக் காலத்தில் சூடேற்றி வைக்கோல் மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அந்த நிறம் மிக மெல்லிய படலம். அவற்றை நான் வேகவைக்கவில்லை. துரு கறுத்தால் மஞ்சளில் கரும்புள்ளியாக நிற்கும், தேய்த்தால் மஞ்சளே போய்விடும். எண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

முடிவில் கிடைப்பது புதுத் துப்பாக்கி இல்லை. வலப்பக்கம் அம்மைத் தழும்பு முகம்போல்தான் இருக்கிறது, சிவப்பு போய்க் கறுப்பாகிவிட்டது என்பதுதான் வித்தியாசம். கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்கிறவருக்கு இது பிடிக்காது. அவரோடு நான் சண்டைக்குப் போகப் போவதில்லை. ஆனால் தேய்த்து நீலம் ஏற்றும் வழியில் அவர் என்ன கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். என் முடிவைத் தீர்மானித்ததே அது ஒன்றுதான்.

மறுபடி நீலம் ஏற்றுவதில் நீலம் பிரச்சினையே இல்லை. அந்தப் படலம் மிக மெல்லியது, அடியில் இருப்பதை அப்படியே காட்டும். குழியை மறைக்காது. அதனால் நீலத்துக்கு முன்னால் குழியை எடுத்தாக வேண்டும். குழியை எளிதில் நிரப்ப முடியாது, பெரும்பாலும் சுற்றியுள்ள இரும்பைக் குழியின் அடிமட்டத்துக்குக் கீழிறக்கத்தான் செய்வார்கள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆழக் குழி என்றால் அந்தப் பக்கம் முழுவதும் அவ்வளவு இரும்பு போக வேண்டும். முத்திரைகள் இருப்பதும் அதே மேல்தோலில்தான். உப்புத்தாளும் பஃப் சக்கரமும் போய் வந்தபின் விளிம்புகள் மழுங்கும், சமதளம் அலையடிக்கும், துளைகளின் ஓரம் கிண்ணம்போலச் சரியும், எழுத்துகள் வெளிறும்.

லூகரில் எழுத்து வெளிறுவது சின்ன விஷயம் இல்லை. ராணுவ லூகர்களின் எண் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். நாலு இலக்கம் தீர்ந்ததும் பக்கத்தில் ஒரு சிறிய சாய்வெழுத்து சேரும். ஆண்டு, எண், எழுத்து மூன்றும் சேர்ந்தால்தான் அது எந்தத் துப்பாக்கி என்று தெரியும். சிறு பாகங்களில் அதே எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் பொருந்தினால் ஒரு மதிப்பு, ஒன்று பொருந்தாவிட்டாலும் வேறு மதிப்பு. வலப்பக்கத்தில் ஆய்வாளர்களின் கிரீட முத்திரைகள். இவை தவிர, நீலம் ஏற்றியபிறகு அடித்த முத்திரைகளைச் சுற்றி, இரும்பு பிதுங்கிய இடத்தில், மெல்லிய வெளிர் வளையம் ஒன்று தெரியும். சேகரிப்பாளர் பூதக்கண்ணாடியோடு தேடுவது அதைத்தான். ஆலை நீலம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். மெருகிட்டால் அது போய்விடும், எப்படிப்பட்ட கைகாரரும் நம்பும்படியாக அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். எண்ணே அழியும் அளவுக்குத் தேய்த்துவிட்டால் மதிப்பு போவது மட்டுமில்லை, பல நாடுகளில் அது குற்றமும்கூட.

இதற்குமேல், கொடுக்கும் இடம் எந்த முறையில் நீலம் ஏற்றுகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் இருப்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டி. வீட்டில் முயலவே கூடாத வேலை. அதில் முழுத் துப்பாக்கியும் முங்கும், உள்ளும் புறமும் ஒரே கருநீலம் ஏறும். ஆனால் 1917 லூகரின் உடற்சட்டகத்தின் உட்பக்கம் வெற்று இரும்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும். பிரித்த உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய துரு முறையிலேயே நீலம் ஏற்றி, சிறு பாகங்களுக்கு வைக்கோல் நிறமும் கொடுக்கும் தேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். கூலி கடுமையாக இருக்கும், வேலை அழகாக இருக்கும். அப்படியும் விற்கும்போது ‘புதுப்பித்தது’ என்று சொல்லித்தான் விற்க வேண்டும், சொன்னதும் விலை இறங்கும். குழி விழுந்திருந்தாலும் மாறாத லூகரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்தபின் மனம் மாறினால் நாளைக்கும் தேய்த்து நீலம் ஏற்றலாம். தேய்த்தபின் மனம் மாறி ஒன்றும் செய்ய முடியாது.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புது நீலமும் தானாகத் துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்துவைக்க உதவும் அவ்வளவுதான். நான் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிசாகப் பூசிவைத்திருக்கிறேன். விரல் ஈரம் நேராக இரும்பில் படாது. குழிகளுக்குள் மெழுகு சரியாக இறங்குவதில்லை, அங்கே மட்டும் துளி எண்ணெய் விட்டுத் துடைக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழிகள் எப்படி இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இதே தீர்ப்பு பொருந்தாது. எண்கள் பொருந்தாத, ஏற்கெனவே ஒருமுறை தேய்த்துப் பளபளப்பாக்கிய லூகர் என்றால் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை, தாராளமாக நீலம் ஏற்றுங்கள். சோவியத் நாகான் சுழல்துப்பாக்கிகள் பல அரசுப் பட்டறைகளிலேயே புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தவை, கோல்ட் 1911 கைத்துப்பாக்கிகளையும் அமெரிக்க ராணுவப் பட்டறைகள் பிரித்துக் கோத்துப் புதுப் பூச்சு கொடுத்தன. அந்தப் பூச்சும் அவற்றின் வரலாறுதான், அதையும் நான் தேய்க்க மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க்கால 1911ஏ1களில் இருக்கும் பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சின்மேல் வந்த துருவுக்கு நான் இந்த முறையைச் செய்து பார்த்ததில்லை. கொதிநீர் அதைக் கெடுக்கக் காரணம் தெரியவில்லை, ஆனால் அந்தச் சொரசொரப்பான பரப்பில் ஸ்டீல் வுல் எவ்வளவு தேய்க்கலாம் என்று கைப்பழக்கம் உள்ளவரைத்தான் கேட்க வேண்டும். நிக்கல் பூச்சு உரிந்து அடியில் துரு கிளம்பியதற்கும் அப்படியே.

எந்த வழியில் போனாலும் தொடங்குமுன் ஒவ்வொரு முத்திரையையும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். வேலை முடிந்தபின் துப்பாக்கியை அந்தத் தோல் உறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உறையைத் தனியாகவும், துப்பாக்கியை சிலிகா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலும் வையுங்கள்.